புரதத்தின் வடிவம்: எக்ஸ்ரே படிகமா, ஆல்ஃபாஃபோல்டா?

புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை எக்ஸ்ரே பாய்ச்சிக் கண்டறிய, முதலில் அதைப் படிகமாக வளர்க்க வேண்டும். பல புரதங்கள் லேசில் படிகமாகாது. பிரிட்டன் விஞ்ஞானி ஜான் கெண்ட்ரூ பத்தாண்டுக்கு மேல் உழைத்துத்தான் 1958-இல் மயோகுளோபின் என்ற தசைப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டார்.

2020-இல் அசத்திய ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு, வடிவத்தைக் கணிக்கப் புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களின் வரிசை போதும். அது கணித்த 20 கோடிக்கும் மேற்பட்ட வடிவங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வசதியில்லாத கல்லூரி ஆய்வகத்துக்கு எவ்வளவு பெரிய வரம்! ஆனாலும் அது கணிப்புதான். எந்தப் பகுதியை எவ்வளவு நம்பலாம் என்று அதுவே மதிப்பெண் தருகிறது. தயவுசெய்து அதைப் பாருங்கள். மருந்து மூலக்கூறு எங்கே ஒட்டுகிறது என்று உறுதிசெய்ய நான் எக்ஸ்ரேயைத்தான் நம்புவேன். அப்புறம், ஆல்ஃபாஃபோல்டு பாடம் படித்ததே ஆய்வகங்கள் கண்டறிந்த வடிவங்களில்தான்.

இரண்டின் விடையையும் சரிபார்க்க, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-இல் தந்த, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும் வரைபடம் இன்றும் பயன்படுகிறது.