ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் ஏழு வருடம்: இறங்கிய எடை, ஏறிய எடை, நான் மறைத்த எடை

2018 ஆகஸ்டில், எடையைக் குறைக்க வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். அன்று 118 கிலோ. உயரம் 158 செ.மீ., பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு) 47. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. இரவில் குறட்டையோடு மூச்சும் நின்று நின்று வரும். திருச்சியில்தான் பிறந்து வளர்ந்தேன். ஆனாலும் முப்பது வயதுக்கு மேல் மலைக்கோட்டைப் படி ஏறியதே கிடையாது. கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

முதல் வருடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் வாழைப்பழம் போல ஒரு குழாய். பசியைத் தூண்டும் க்ரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வயிற்றின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அந்தப் பகுதியும் போய்விடுவதால் ஆரம்பத்தில் பசி என்பதே மறந்துபோகும். நான்காவது மாதம் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, ஒரு வருடத்துக்குள் திரும்ப வளர்ந்தது. 2019 டிசம்பரில் 82 கிலோ. சர்க்கரை மாத்திரை இரண்டும் நின்றுவிட்டன. மலைக்கோட்டை உச்சிக்கு ஏறி காவிரியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் எழுத நினைத்தேன்.

2020 ஜனவரியில் ஒரு ரிவ்யூவுக்குப் போனேன். மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நான் வேலை பார்க்கும் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கெல்லாம் வீட்டுக்கே வந்தது. மடிக்கணினிக்குப் பக்கத்தில் டீ, டீக்கு இரண்டு பிஸ்கட். நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி மிக்சர். ஒரு வேளையிலும் நான் வயிறு நிறையச் சாப்பிடவில்லை. அரைத் தட்டுச் சோறுகூட என்னால் முடியாது. அதனால் ஏறாது என்று நம்பினேன்.

ஆனால் ஏறியது. 84, 86. 2021 மே மாதம் அப்பா இறந்தார். பதினாறு நாளும் வீட்டில் ஆட்கள், யாராவது ஏதாவது கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் நான் என்ன சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. நவம்பரில் எடை மெஷினில் ஏறியபோது 94. மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அந்த மாதம் ஒரு கல்யாணத்தில் சித்தி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏம்மா, அவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணியும் இப்படித்தானா?" அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வியை நான் தினமும் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தேன், அதனால்தான் அப்படி வலித்தது. கடைசி வழி என்று சொல்லித்தானே ஆபரேஷனே செய்தார்கள். அதிலும் தோற்றுவிட்டேன் என்றால் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது? மருத்துவமனையிலிருந்து ரிவ்யூவுக்கு அழைத்தால் போனை எடுக்கவில்லை. எடை ஏறியதோடு, ஆபரேஷனுக்குப் பின் கொடுத்த சத்து மாத்திரை போடுவதையும் விட்டுவிட்டேன். அந்த டப்பாவைப் பார்த்தாலே ஆபரேஷன் நினைவுதான் வரும்.

என்னைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தது எடை அல்ல. 2022 பிப்ரவரியில் கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9, பி12 மிகவும் குறைவு. சர்க்கரையும் மெல்ல எட்டிப்பார்த்தது, மூன்று மாத சராசரி 6.4. வயிற்றின் பெரும்பகுதி போனபிறகு இரும்பையும் பி12-ஐயும் உணவிலிருந்து உறிஞ்சும் திறன் குறைந்துவிடுகிறது, அதனால் மாத்திரை ஆயுளுக்கும் வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், நான் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

ரிவ்யூ அறையில் திட்டு விழும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஒரு தாளில் கோடு வரைந்தார். சரசரவென்று இறங்கி, அடியைத் தொட்டு, மெதுவாகக் கொஞ்சம் மேலே ஏறி, அப்புறம் படுக்கிற கோடு. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றிலும் கோடு இப்படித்தான் போகிறது என்றார். அதில் பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன்) செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்தாம் வருடம் அது 25 சதவீதத்தில் நின்றது. என்னுடையது வேறு ஆபரேஷன், கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் அந்தக் கடைசி ஏற்றத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இரண்டு வருடமாக அந்த ஏற்றம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் டயட்டீஷியன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "அக்கா, ஏறின உடனே ஏன் வரல?" என்பதைத் தவிரக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு நாள் வாயில் போட்டதையெல்லாம் எழுதச் சொன்னார். எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது. முறுக்கு, மிக்சர், டீயில் நனைத்த பிஸ்கட், பாயசம், ஐஸ்கிரீம் இதெல்லாம் வாயிலேயே கரைந்து அந்தக் குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு முட்டையையும் இரண்டு துண்டு மீனையும் தாங்காத வயிறு, அரை பாக்கெட் மிக்சரை ஒரு மணி நேரத்தில் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். என் வயிறு விரிந்துவிட்டது, ஆபரேஷன் பழுதாகிவிட்டது என்று நான் பயந்திருந்தேன். எண்டோஸ்கோபி செய்து பார்த்தார்கள், அப்படி ஒன்றும் இல்லை. வயிறு தன் வேலையைச் செய்யத் தயாராகத்தான் இருந்தது. அதை நிறைக்கக்கூடிய எதையும் நான் சாப்பிடவில்லை. (எல்லோருக்கும் இதுவே காரணமாக இருக்காது. சிலருக்கு உண்மையிலேயே விரிந்திருக்கும், சிலருக்கு நெஞ்செரிச்சல் அதிகமாகி பைபாஸாக மாற்ற வேண்டிவரும். பார்த்தால்தான் தெரியும்.)

மாற்றியது கொஞ்சம்தான். தட்டில் முதலில் புரதம்: முட்டை, நெத்திலி, கோழி, சுண்டல், பனீர். அது இறங்கிய பிறகுதான் சோறோ இட்லியோ. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் என்று வைத்துக்கொண்டோம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில்லை, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். டீ இரண்டு வேளை, பிஸ்கட் இல்லாமல். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கால்சியத்தோடு சேர்த்தும் போடக்கூடாது. அதனால் காலையில் எழுந்ததும் இரும்பு, மதியமும் இரவும் கால்சியம். பி12 முதலில் ஊசியாகப் போட்டார்கள், அப்புறம் மாத்திரை. விரல் மரப்பு போக ஐந்து மாதம் ஆனது.

94-லிருந்து 87-க்கு வர பதினான்கு மாதம் ஆனது. முதல் முறை அதே 7 கிலோவை மூன்று வாரத்தில் இழந்திருந்தேன். இந்த வித்தியாசத்தை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பல நாள் மனம் உடைந்திருக்க மாட்டேன். எடை குறைந்த உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைவு, பசியும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. இரண்டாவது முறை இறங்குவதெல்லாம் நம் சொந்த உழைப்பில்தான்.

எடை மெஷின் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. ஆனால் தினமும் ஏறுவதில்லை. தினம் பார்த்த நாட்களில் ஒரே இரவில் ஒன்றரை கிலோ கூடி, அன்று முழுக்க எதிலும் மனம் ஒட்டாமல் இருந்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். என் வயிற்றால் ஒரே இரவில் அது முடியவே முடியாது. அப்படிக் கூடுவது தண்ணீர். ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்ட மறுநாள் கூடும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கூடும், மலச்சிக்கல் வந்தாலும் கூடும். இப்போது வெள்ளிக்கிழமை காலை மட்டும் ஏறி, ஒரு நோட்டில் எழுதுகிறேன். டயட்டீஷியனும் நானும் ஓர் எல்லை வைத்திருக்கிறோம்: 87-க்கு மேல் 3 கிலோ கூடி நான்கு வாரம் அப்படியே நின்றால் போன் செய்ய வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பதற வேண்டாம்.

2024-ல் அது நடந்தது. கணுக்கால் பிசகி ஆறு வாரம் நடக்க முடியவில்லை, 90.5-இல் நின்றது. நான்காவது வெள்ளி போன் செய்தேன். கையை வைத்து எண்களை அழுத்துவதற்கு எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத்தான் தெரியும். உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி நான்கு சொல்லிக்கொடுத்தார், மாலைத் தீனியை எழுதி அனுப்பச் சொன்னார். மூன்று மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். முதல் சறுக்கலில் மறைத்தேன், இரண்டு வருடமும் விரல் மரப்பும் ஆனது. இரண்டாவதில் சொன்னேன், மூன்று மாதத்தில் முடிந்தது.

2025-ல் பசியைக் குறைத்து எடையை இறக்கும் டிர்செபடைடு, செமக்ளுடைடு ஊசிகள் இந்தியாவிலும் வந்தபிறகு, அதையும் பேசினோம். ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் கொடுக்கிறார்களாம். இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். தேவைப்பட்டால் போட்டுக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: நான் மறுபடியும் செய்துகொள்வேன். 118-லிருந்து 87 என்றால், நடுவில் ஏறி இறங்கியும், ஏழு வருடம் கழித்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கிறது. சர்க்கரைக்கு மாத்திரை இல்லை. மூச்சு நிற்பதில்லை, அருகில் படுக்கும் என் மகள் அதைக் கவனிப்பதற்காக இரவில் விழித்திருப்பதும் இல்லை. ஆனால் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது ஆபரேஷன் செலவை மட்டும் விசாரிக்காதீர்கள். ஐந்தாவது வருடம் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். காப்பீடு இருந்தால் ஆவணத்தைப் படியுங்கள். பிஎம்ஐ 40, அல்லது 35-உடன் கடுமையான துணைநோய் இருந்தால்தான் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பொதுவாகப் பணம் தருவார்கள், அதுவும் காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு.

போன வெள்ளி 86.6. இந்த வெள்ளி 87.4. நடுவில் அக்கா மகளுக்கு வளைகாப்பு, ஏழு வகைச் சாதம். புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் இரண்டு இரண்டு வாய் சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. நோட்டில் எழுதிவிட்டேன். இனி அடுத்த வெள்ளிதான்.