செங்கோட்டையில் என் பூனைக்குக் கிடைத்த மருத்துவம்
எங்கள் 12 வயதுப் பூனை தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடிப்பதையும், மண் தட்டில் சிறுநீர்க் கட்டிகள் பெரிதாவதையும், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுவதையும் கண்டு, புளியரையிலிருந்து செங்கோட்டையிலுள்ள ஒரு தனியார் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியாட்டினின், இரத்தத்தில் இயல்பைவிட உயர்ந்து 3.4 மி.கி./டெ.லி. என வந்தது. இந்த அளவு உயர்வதற்குள் சிறுநீரகச் செயல்திறனில் ஏறக்குறைய 75 விழுக்காடு போயிருக்கும் என்பதை மருத்துவர் மறைக்காமல் சொன்னார். இரத்த அழுத்தத்தையும் அளந்தார். தோளருகே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதனடியில் ஊசியைச் செலுத்தி ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக்கரைசலை ஏற்றும் முறையை, என் கை நடுக்கம் அடங்கும்வரை மூன்று முறை செய்யவைத்தார். இந்தப் பொறுமைக்காகவே மீண்டும் அங்குதான் செல்வேன். சிறுநீரக நோய்க்கான பாஸ்பரஸ் குறைந்த உணவு இருப்பில் இல்லாததால் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைக்க நேர்ந்தது பெருங்குறை. மீன்சோற்றில் வளர்ந்தவள், பழைய உணவில் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்ததால், மூன்று வாரத்தில் அதற்குப் பழகிவிட்டாள்.