சம்பளச் சீட்டில் ஆறு வெள்ளி: பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் எனக்கு எப்படி உதவியது

மலேசியாவின் பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பலருக்குப் பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு என்றால் இயந்திரத்தில் கை அடிபட்டால் போகும் இடம். என் மாமியார் அதை இன்னும் சொக்சோ என்றுதான் சொல்வார். 1971இல் தொடங்கிய அந்த அமைப்பு, 2018 ஜனவரி முதல் வேலை இழந்தவர்களுக்கான காப்புறுதி ஒன்றையும் நடத்தி வருகிறது. நம் சம்பளச் சீட்டில் எஸ்.ஐ.பி. (வேலைக் காப்புறுதித் திட்டத்தின் மலாய்ச் சுருக்கம்) என்ற எழுத்துகளுக்கு நேராகக் கழிக்கப்படும் சிறு தொகை அதற்குத்தான் போகிறது. 2023இல் எனக்கு அது தேவைப்பட்டது. நாற்பதைத் தாண்டிய, பட்டப்படிப்பு இல்லாத, வீட்டுக் கடன் பாக்கியுள்ள ஒரு பெண்ணுக்கு அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன். இப்போது கையில் ஆட்குறைப்புக் கடிதத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

பினாங்கின் பிறை வட்டாரத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் ஸ்டோரில் மேற்பார்வையாளராக இருந்தேன். பொருளாதார மந்தம் வருவதை ஸ்டோரில் இருப்பவர்கள் பத்திரிகைகளுக்கு முன்பே பார்த்துவிடுவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே மடிக்கணினியும் கைப்பேசியும் வாங்கித் தள்ளியபோது, லாரியில் வந்து இறங்கிய பொருளை அன்றைக்கே உற்பத்திப் பகுதிக்கு அனுப்பிவிடுவோம். 2022 கடைசியில் நிலைமை தலைகீழானது. உதிரிபாகச் சுருள்கள் உறை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடந்தன. புதிதாக வந்ததை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது. முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு இரவு ஷிப்ட் நின்றது. பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்கள் போனார்கள். அதற்கடுத்து எங்களைப் போன்ற பழையவர்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில்தான் மிக முக்கியமான விஷயம் இருக்கிறது. மனிதவளப் பிரிவில் என் முன் இரண்டு தாள்களை வைத்தார்கள். ஒன்று ஆட்குறைப்புக் கடிதம். மற்றொன்று நானே விருப்பப்பட்டு விலகுவதாகத் தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்த கடிதம். "நீங்களாக விலகியதாக இருந்தால் அடுத்த இடத்தில் மரியாதையாக இருக்கும்" என்றார் அந்த அதிகாரி. எங்கள் வரிசை வீட்டில் குடியிருக்கும், தொழிற்சங்கத்தில் பல காலம் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் முந்திய வாரமே என்னிடம் சொல்லி வைத்திருந்தார்: "தங்கச்சி, விலகுகிறேன் என்று உன் கையால் எதிலும் எழுதாதே. நிறுத்துவது அவர்கள் என்றால் அதை அவர்களே எழுதித் தரட்டும்." நான் முதல் தாளை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. நிறுவனம் மூடப்பட்டால், ஆட்குறைப்பு செய்தால், நிறுவனம் கொண்டுவரும் தன்விருப்ப விலகல் திட்டத்தில் போனால் இந்தக் காப்புறுதி உண்டு. பாலியல் தொல்லையாலோ, தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆபத்தான பணியைச் செய்யச் சொன்னதாலோ விலக நேர்ந்தவர்களுக்கும் உண்டு. ஆனால் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டவர்களுக்கு இல்லை. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும் இல்லை. என்னோடு வேலை செய்த ஓர் அக்கா அந்த இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். பிறகு அண்ணன்தான் அவரைத் தொழில் உறவுத் துறைக்கு அழைத்துப் போய், வற்புறுத்தி விலக வைத்தார்கள் என்று முறையீடு கொடுக்க வைத்தார். அதற்கும் 60 நாள்தான் கெடு. ஒரு கையெழுத்து அவரை அவ்வளவு தூரம் அலைய வைத்தது. அதனால்தான் அடித்துச் சொல்கிறேன்: எந்தத் தாளானாலும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பெர்கேசோவில் விண்ணப்பிக்கவும் வேலை போன நாளிலிருந்து 60 நாள் அவகாசம். முதல்முறை கேட்பவர் கடைசி 24 மாதங்களில் குறைந்தது 12 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். அடையாள அட்டை, வேலைநிறுத்தக் கடிதம், கடைசி மாதங்களின் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறேன் என்று வந்தால் நம்பாதீர்கள். எனக்கு முகம் பார்த்துப் பேசினால்தான் மனம் நிம்மதியாகும் என்பதால் நேரில் போனேன். பேச்சு மலாய் மொழியில்தான். நிதானமாகப் பேசினார்கள், புரியாததை மீண்டும் கேட்டபோது மீண்டும் விளக்கினார்கள்.

பணம் எவ்வளவு வரும் என்பதுதான் எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. கணக்குக்கு எளிதாக மாதச் சம்பளம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். வேலை தேடும் காலப் படியாக முதல் மாதம் அதில் 80 விழுக்காடு, அதாவது 2,400 வெள்ளி. இரண்டாவது மாதம் பாதி, 1,500. மூன்றாவது, நான்காவது மாதங்களில் 40 விழுக்காடு, 1,200 வீதம். ஐந்தாவது, ஆறாவது மாதங்களில் 30 விழுக்காடு, 900 வீதம். ஆறு மாதமும் முழுதாகக் கிடைத்தால் 8,100 வெள்ளி. கட்டியது எவ்வளவு என்று பாருங்கள். சந்தா சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி அதே அளவு கட்டுகிறார். 3,000 வெள்ளிச் சம்பளத்துக்கு மாதம் ஆறு வெள்ளிக்குள். 2018இலிருந்து என் சம்பளத்தில் பிடித்ததை எல்லாம் கூட்டினால் 400 வெள்ளியைத் தாண்டியிருக்காது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பலர், அதுவும் ஆண்கள், வேலை போனதைச் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாமல் காலையில் வழக்கம்போல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அரசாங்கத்திடம் போய்க் கையேந்த வேண்டுமா என்று கேட்கிறார்கள். இதில் கையேந்தல் எங்கே இருக்கிறது? நீங்களும் உங்கள் முதலாளியும் மாதாமாதம் கட்டிய காப்புறுதி இது. வீடு எரிந்தால் தீக்காப்புறுதியைக் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. கூச்சத்தில் இரண்டு மாதம் போய்விட்டால் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பயனில்லை.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேலை தேடும் பகுதி. படி பெறுபவர் தொடர்ந்து வேலை தேட வேண்டும், தேடியதற்கான சான்றையும் பதிவு செய்ய வேண்டும். கேட்கும்போது கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கு அது நல்லதாகப் போயிற்று. வேலை இல்லாத வீட்டில் பகல் பொழுது மிக நீளமானது. என்ன செய்தாலும் குற்ற உணர்வு கூடவே வரும், படுத்தாலும் வரும், தொலைக்காட்சி பார்த்தாலும் வரும். இந்தப் பதிவுக்காகவாவது காலையில் குளித்து, மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் அனுப்பினேன்.

என்னைப் பார்த்த பெர்கேசோ அதிகாரி என்னைவிட மிக இளைய ஒரு மலாய்ப் பெண். "புவான் (அம்மா), என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். ஸ்டோர் பார்த்தேன் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலையில் உள்ளே போனது முதல் மாலையில் வெளியே வந்தது வரை என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். பொருள் வந்தால் சீட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, கணினியில் ஏற்றுவது, முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று வரிசை வைப்பது, ஈரம் பட்டால் கெட்டுப்போகும் பாகங்களை உலர் பெட்டியில் வைத்து நேரம் குறிப்பது, ஆண்டு இருப்பெடுப்பில் கணக்கு உதைத்தால் எங்கே தவறியது என்று தேடிப் பிடிப்பது, போர்க்லிப்ட் ஓட்டுபவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பது. சொல்லச் சொல்ல அவர் எழுதினார். முடித்தபோது தாள் நிரம்பியிருந்தது. "இது சின்ன வேலை இல்லை, புவான்" என்றார். பதினான்கு ஆண்டுகளில் அந்தத் தொழிற்சாலையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் தாள்தான் என் புதிய சுயவிவரத்துக்கு அடிப்படையாயிற்று.

மைபியூச்சர்ஜாப்ஸ் என்ற பெர்கேசோவின் இணைய வேலைத் தளம் பற்றி என் கருத்து கொஞ்சம் கலவையானது. வேலைகளின் எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் என் அனுபவத்துக்கு வந்த அழைப்புகளில் பல அப்போதைய குறைந்தபட்சச் சம்பளமான 1,500 வெள்ளியைச் சுற்றியே இருந்தன. மந்த காலத்தில் எல்லா முதலாளிகளும் ஆள் மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். தேடும்போது மின்னணுத் துறையை விட்டு வெளியே பார்க்கச் சொன்னதும் அந்த அதிகாரிதான். சில்லுத் தொழிற்சாலைகள் ஆள் குறைக்கும்போது மருத்துவக் கருவி செய்யும் இடங்களும் தளவாடக் கிடங்குகளும் அதே மாதிரி ஆள் கேட்டுக்கொண்டிருக்கும் என்றார். நான்காவது மாதம் தொடங்கும் முன்பே மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றின் கிடங்கில் எனக்கு வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவுதான், ஆனால் என் வேலை எனக்குத் தெரிந்த வேலை.

சீக்கிரம் வேலை கிடைத்துவிட்டால் மீதிப் பணம் வீணாகிறதே என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். தேவையில்லை. மீதமிருக்கும் படியில் 25 விழுக்காட்டை விரைவில் வேலையில் சேர்ந்ததற்கான படியாக மொத்தமாகத் தருகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் மூன்று மாதம் வாங்கியவருக்கு மீதி 3,000 வெள்ளி, அதில் 750 கைக்கு வரும். எனக்கு அது மகளின் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) டியூஷன் பாக்கியை அடைக்க உதவியது. புதிய தொழில் கற்க விரும்புபவர்களுக்குப் பயிற்சிக் கட்டண உதவியும் இருக்கிறது. நான் அதைக் கேட்கவில்லை என்பதால் அதைப் பற்றி மதிப்பிட மாட்டேன்.

ஆட்குறைப்பு இழப்பீட்டுத் தொகையையும் இந்தக் காப்புறுதியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது முதலாளி தர வேண்டியது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்குச் சட்டமே குறைந்தபட்சம் சொல்கிறது: ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள், ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் என்றால் 10 நாள். வேலை முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். எனக்குக் கிடைத்த மொத்தத் தொகையை என் கணவர் தொடவே கூடாது என்றார். அவர் லாரி ஓட்டுபவர், சரக்குக் குறைந்தால் நடை குறையும், அந்த ஆண்டு அவருக்கும் நிச்சயமில்லாமல்தான் இருந்தது. அதனால் மளிகைக்கும் மின்கட்டணத்துக்கும் பெர்கேசோ பணம், வீட்டுக் கடனுக்கு மட்டும் இழப்பீடு என்று பிரித்தோம். கார் கடன் இடித்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். அங்கேயும் கட்டணம் இல்லை. தவணை தவறிய பிறகு போவதைவிடத் தவறும் முன்பே போவது நல்லது என்பது மட்டும் என் அனுபவம்.

ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் போடுவேன். ஒன்றைக் குறைத்தது சேவைக்காக அல்ல, சட்டத்தில் இருக்கும் ஓட்டைக்காக. ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள் வேலை இழந்தவர்களாகவே கருதப்படுவதில்லை. எங்கள் தொழிற்சாலையில் எங்களுக்கு முன்பே போனவர்கள் அவர்கள்தான். அவர்களும் மாதாமாதம் அதே எஸ்.ஐ.பி. சந்தாவைக் கட்டினார்கள். ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் பல ஆண்டுகளாக ஒரே மேசையில் வேலை செய்த பையன்களுக்கு, ஆர்டர் குறைந்தது என்பதற்காகவே புதுப்பிக்காமல் விட்டார்கள். அது ஆட்குறைப்பு இல்லாமல் வேறென்ன? மந்தம் வந்தால் முதலில் விழுபவர்களுக்குக் கிடைக்காமல், கடைசியில் விழும் எங்களுக்குக் கிடைக்கும் காப்புறுதி பாதிக் காப்புறுதிதான்.

2024 அக்டோபரிலிருந்து கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பை 5,000 வெள்ளியிலிருந்து 6,000 வெள்ளியாக உயர்த்தியிருக்கிறார்கள். நல்லது, அதிகச் சம்பளக்காரர்களுக்குப் பயன்படும். ஒப்பந்தக்காரர்களையும் சேர்க்க வேண்டும் என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அந்த மேசையில் இருந்த பையன்களில் மூவர் அதில் என்னோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.