ட்ரேசஸில் ஃபார்ம் 16: கட்டணமும் இல்லை, கருணையும் இல்லை

சம்பளத்தில் வருமான வரி பிடித்த ஒவ்வொரு நிறுவனமும் ஜூன் 15-க்குள் ஊழியருக்கு, பிடித்த வரிக்கான சான்றிதழான ஃபார்ம் 16 கொடுத்தாக வேண்டும். எக்செல்லில் அடித்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. பிடித்துக் கட்டிய வரியைக் காட்டும் பார்ட் ஏ 2012-13 நிதியாண்டு முதலும், சம்பளத்தையும் கழிவுகளையும் காட்டும் பார்ட் பி 2018-19 முதலும் வருமான வரித் துறையின் ட்ரேசஸ் தளத்திலிருந்து இறக்கியதாக இருந்தால்தான் செல்லும். தெருவுக்கு ஒரே கடை. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அங்கேதான் வாங்க வேண்டும். கிண்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுகளில் இருபது, முப்பது பேரை வைத்து நடத்தும் சின்ன கம்பெனிகளின் கணக்குப் பிரிவை மனதில் வைத்து இந்த மதிப்பீடு. தொகைகளும் விதிகளும் படிவப் பெயர்களும் 2024-25 நிதியாண்டுக்கு உரியவை.

முதலில் தீர்ப்பு. பார்ட் ஏ அருமை. பார்ட் பி நீங்கள் கொடுத்த தரவைப் பொறுத்தது. நீங்கள்தானா என்று சரிபார்க்கும் கேஒய்சி திரை முசுடு. பிடிஎஃப் கன்வர்ட்டர்தான் இருப்பதிலேயே மோசம்.

தளத்தைத் திட்டுவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ட்ரேசஸ் தானாக எதையும் கணக்கிடுவதில்லை. காலாண்டுக்கு ஒருமுறை நீங்கள் தாக்கல் செய்யும், சம்பளத்தில் பிடித்த வரிக்கான 24க்யூ அறிக்கையில் என்ன இருக்கிறதோ அதுதான் ஃபார்ம் 16-ஆகத் திரும்பி வரும். முதல் மூன்று காலாண்டுகளுக்குக் கெடு ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31. நான்காவதற்கு மே 31. முழு ஆண்டின் சம்பள விவரம் அடங்கிய இரண்டாம் இணைப்பு அந்த நான்காவது அறிக்கையில்தான் போகும். பார்ட் பி முழுக்க அதிலிருந்தே பிறக்கிறது. மே 31 இரவு அறிக்கையை ஏற்றினால், அது பரிசீலனை முடிந்து வரும் நாட்கள் போக, சான்றிதழ் கொடுக்க மிஞ்சுவது பத்து நாள் இருந்தால் அதிர்ஷ்டம். மே 15 வாக்கில் ஏற்றிவிடுகிற ஆபீஸ்களில் ஜூன் மாதம் சத்தமே இருக்காது.

தளத்தில் நுழைய, வரி பிடிக்கும் நிறுவனத்துக்குத் தரப்படும் டான் எண் வேண்டும். சென்னையில் வாங்கிய டான் என்றால் 'சிஎச்இ' என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். டவுன்லோட்ஸ் பட்டியலில் ஃபார்ம் 16-ஐத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வழி தரும்: குறிப்பிட்ட பான் எண்களுக்கு மட்டும், அல்லது மொத்தமாக. வேலையை விட்டுப் போன ஒருவருக்கு மட்டும் வேண்டுமானால் முதல் வழி போதும். பார்ட் ஏ-க்கும் பார்ட் பி-க்கும் கோரிக்கை எண் தனித்தனி. 

அடுத்து கேஒய்சி. டிஜிட்டல் கையெழுத்தைத் தளத்தில் பதிந்திருந்தால் எளிது. இல்லையென்றால் அறிக்கையைத் தாக்கல் செய்தபோது கிடைத்த 15 இலக்க டோக்கன் எண், ஒரு சலானின் (வரி கட்டிய சீட்டின்) விவரம், அந்தச் சலானில் உள்ள மூன்று ஊழியர்களின் பான் எண்ணும் பிடித்த வரியும் கேட்கும். தோல்வி பெரும்பாலும் மூன்று காரணங்களால் வருகிறது. ஒன்று, திரையின் மேலே எந்த ஆண்டு, எந்தக் காலாண்டு என்று போட்டிருப்பதைப் பார்க்காமல் வேறு காலாண்டின் டோக்கனைக் கொடுப்பது. இரண்டு, திருத்த அறிக்கையின் டோக்கனைக் கொடுப்பது. முதலில் தாக்கல் செய்த அறிக்கையுடையதுதான் வேண்டும். மூன்று, சலான் விவரத்தை வங்கி ரசீதைப் பார்த்து அடிப்பது. அறிக்கையில் எப்படிப் பதிந்திருக்கிறதோ அப்படியே வேண்டும்: வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு, பணம் கட்டிய தேதி, ஐந்து இலக்க வரிசை எண், பைசா உட்பட தொகை. சலானில் இரண்டே பேர்தான் என்றால் இரண்டு பேரைக் கொடுத்தால் போதும். ஒருமுறை தேறினால் ஒரு அங்கீகாரக் குறியீடு தரும். அதே காலாண்டு அறிக்கைக்கு அன்று முழுவதும் அது செல்லும். அதைக் குறித்துவைத்துக்கொண்டு, வேறு கோரிக்கை இருந்தால் அதையும் அன்றே போட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கோரிக்கை 'அவைலபிள்' என்று மாறியதும் கிடைப்பது ஜிப் கோப்பு. உள்ளே பிடிஎஃப் இருக்காது. தளமே தரும் கன்வர்ட்டரில் போட்டுத்தான் பிடிஎஃப் ஆக்க வேண்டும். அது ஜாவாவில் ஓடுவது. கணினியில் ஜாவா இல்லாவிட்டாலோ, பொருந்தாத பதிப்பு இருந்தாலோ, இரட்டைக் கிளிக்குக்கு ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தி கூட வராது. பார்ட் பி-க்கு வேறு கன்வர்ட்டர். பழைய பதிப்பைப் போன வருடத்திலிருந்து வைத்திருந்தால் தூக்கிப்போட்டுவிட்டு, தளத்தில் இருக்கும் புதியதை இறக்குங்கள். முப்பது பேருக்கு அறுபது பிடிஎஃப் வரும். ஒட்டுவது உங்கள் பாடு. நாடு முழுக்க முதலாளிகள் கட்டாயம் பயன்படுத்த வேண்டிய ஒரு சேவை, நேரடியாக பிடிஎஃப் தராமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் எடுபடாது.

பார்ட் பி-யில்தான் சண்டை வரும். முதல் இடம், புதிய வரி முறைக்கான சட்டப் பிரிவு 115பிஏசி பற்றி அறிக்கையில் வரும் கேள்வி. 2022-23 வரை 'புதிய வரி முறையைத் தேர்ந்தெடுக்கிறாரா' என்று இருந்தது. 2023-24 முதல் புதிய முறையே இயல்பானது என்பதால் 'அதிலிருந்து விலகுகிறாரா' என்று கேள்வி தலைகீழானது. பழக்கதோஷத்தில் 'யெஸ்' போட்டால், புதிய முறையில் ரூ. 75,000 நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) பெற வேண்டியவர் பழைய முறையின் ரூ. 50,000-இல் போய் நிற்பார்.

இரண்டாவது, தொழில்வரி. வெளியூர் மென்பொருள்கள் பெங்களூர்க் கணக்கில் மாதம் ரூ. 200 என்று பிடித்துக்கொண்டிருக்கும். சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக் கணக்கு. அரையாண்டு வருமானம் ரூ. 75,000-ஐத் தாண்டினால் ரூ. 1,250, ஆண்டுக்கு ரூ. 2,500. இந்தக் கழிவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டும்தான்.

மூன்றாவது, வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்கு. விலக்கின் வரம்பு சென்னைக்குச் சம்பளத்தில் 50 சதவீதம் என்று எல்லோருக்கும் போட்டுவிடக் கூடாது. விதி பார்ப்பது வாடகை வீடு இருக்கும் ஊரை, ஆபீஸ் இருக்கும் ஊரை அல்ல. கிண்டியில் வேலை, செங்கல்பட்டில் வீடு என்றால் 40 சதவீதம். வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் அறிக்கையில் ஏற வேண்டும். 'பான் எல்லாம் தர மாட்டேன்' என்னும் வீட்டுக்காரரிடம் மே மாதம் போய் நின்று பயனில்லை. ஜனவரியில் முதலீட்டு ஆதாரங்களைக் கேட்கும்போதே, ஊழியர் தன் கழிவு விவரங்களைத் தெரிவிக்கும் 12பிபி படிவத்தில் வாங்கிவிட வேண்டும்.

நடு ஆண்டில் சேர்ந்தவர்களுக்கு வேறு சிக்கல். முந்தைய கம்பெனியின் சம்பளத்தை 12பி படிவத்தில் அவர் தெரிவிக்கவில்லை என்றால், இரண்டு கம்பெனியும் தனித்தனியாக நிலைக்கழிவு கொடுத்து, இரண்டும் கீழ் வரம்பிலிருந்து வரி போட்டிருக்கும். ரிட்டர்ன் போடும்போதுதான் பெரிய தொகை நிலுவை நிற்கும். ஊழியர் ஆபீசைத் திட்டுவார். தப்பு ஆபீசுடையது அல்ல.

தவறு தெரிந்துவிட்டால் பிடிஎஃப்பைத் திருத்த முயலாதீர்கள். திருத்த அறிக்கைதான் வழி: சம்பள விவரத்துக்கு சி4 வகை, பான் எண்ணுக்கு சி5. அது பரிசீலனை முடிந்ததும் சான்றிதழைப் புதிதாக இறக்க வேண்டும்.

தாமதத்தின் விலையும் சொல்ல வேண்டும். 24க்யூ தாமதமானால் நாளுக்கு ரூ. 200. சான்றிதழ் தாமதமானால், 2022 ஏப்ரல் முதல், நாளுக்கு ரூ. 500 வரை அபராதம் விதிக்கலாம். இரண்டுக்கும் உச்சம் வரித்தொகைதான். பிடித்த வரியைக் கட்டத் தாமதித்தால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி. இதில் மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதம்: ஜனவரி 31 அன்று பிடித்த ரூ. 10,000-ஐ பிப்ரவரி 7-க்குள் கட்டாமல் 8-ஆம் தேதி கட்டினால் இரண்டு மாத வட்டி, ரூ. 300. ஒரு நாள்தானே என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்த உதாரணம்.

ஊழியர்களுக்கு: கையில் வந்ததும் பார்ட் ஏ-யில் சலான் அட்டவணையின் நிலை எழுத்தைப் பாருங்கள். 'எஃப்' என்றால் பணம் அரசுக் கணக்கில் பொருந்திவிட்டது. 'யு' என்றால் பொருந்தவில்லை, 'ஓ' என்றால் சலானில் இருந்ததைவிட அதிகம் காட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டில் எது இருந்தாலும், உங்கள் பான் எண்ணில் பதிவான வரியைக் காட்டும் 26ஏஎஸ்-இல் வரி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏறாவிட்டால் ரிட்டர்ன் போடாமல் கணக்குப் பிரிவை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். டிஜிட்டல் கையெழுத்தின் மேல் கேள்விக்குறி தெரிந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் கணினி அந்தச் சான்றிதழை இன்னும் நம்பவில்லை, அவ்வளவுதான். அடோப் ரீடரில் கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்து, பண்புகளுக்குள் போய் நம்பகமானது என்று சேர்த்தால் பச்சை டிக் வந்துவிடும்.