பனி கொட்டும் நாளில் குவில்டா, பேக்கிங்கா?

விடிந்தும் வெளியே ஒரு சத்தமும் இல்லை என்றால், ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது என்று படுத்தபடியே சொல்லிவிடலாம். புதுப் பனியின் நுண்ணிய துளைகளில் காற்று நிறைந்திருக்கும். அவைதான் ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. எங்கும் போக முடியாது, யாரும் வரப்போவதும் இல்லை. முழு நாளும் நம் கையில். அதைத் துணிக்கு, அதாவது துண்டுகளை இணைத்துத் தைக்கும் குவில்ட் என்ற போர்வைக்குக் கொடுப்பதா, மாவுக்குக் கொடுப்பதா?

எனக்கு இரண்டும் உயிர். ஆனால் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட நாட்களில் இரண்டுமே அரைகுறையாகத்தான் முடிந்தன. எது முக்கிய வேலை, எது கூட வரும் வேலை என்று காலையிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

பேக்கிங்கின் பெரிய பலம், அன்றைய உழைப்புக்கு அன்றே பலன் கிடைப்பது. வெண்ணெய் பிஸ்கட் 180 டிகிரி செல்சியஸில் 12 நிமிடத்தில் வெந்துவிடும். வீடு முழுக்க வாசனை, அடுக்களையில் கதகதப்பு. குழந்தைகள் வெளியே போக முடியாமல் சுற்றிச் சுற்றி வரும் வீட்டில் இதற்கு ஈடு இல்லை. உருட்டிய மாவையும் வெட்டும் அச்சையும் கையில் கொடுத்தால் போதும், ஒரு மணி நேரம் அசைய மாட்டார்கள். (குளிருகிறதே என்று கேஸ் ஓவனின் கதவைத் திறந்து வைத்து அறையைச் சூடாக்க மட்டும் நினைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும்.)

குவில்ட் அன்றே முடியாது. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத் துணி என மூன்று அடுக்கு. மேல் துணிக்கே நிறைய நேரம் போகும். 5 அங்குலச் சதுரங்களை 8க்கு 10 என்று அடுக்கினால் 80 துண்டுகள்; கால் அங்குலத் தையல் விட்டுத் தைத்தபின் ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாகச் சுருங்கி, 36க்கு 45 அங்குலத்தில், மடியில் போட்டுக்கொள்ளும் போர்வை ஒன்று கிடைக்கும். ஒவ்வொரு தையலிலும் அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூடுதலாகப் பிடித்துவிட்டால், எட்டுத் துண்டு வரிசையில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் காணாமல் போகும். அப்புறம் பக்கத்து வரிசையோடு மூலைகள் சேராது.

ஆனால் இந்த இணைக்கும் வேலைக்குப் பனி நாள் தேவையே இல்லை. வார நாட்களில் இரவு ஒரு வரிசை, இரண்டு வரிசை என்று தைத்து வைக்கலாம். மற்ற நாட்களில் கிடைக்காமல், பனி நாளில் மட்டும் கிடைப்பது வீட்டின் தரை. மூன்று அடுக்கையும் சேர்த்து ஊக்கு குத்துவதற்கு, யார் காலும் படாத வெறும் தரை வேண்டும். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களை டேப்பால் இழுத்து ஒட்டி, அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல் துணி. கீழ் இரண்டும் எல்லாப் பக்கமும் மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்கு. பாதியில் கதவு மணி அடித்து எழுந்து போய், வந்தவர் அதன்மேல் நடந்தும் விட்டால், அடித்துணியில் மடிப்பு விழுந்துவிடும். அது தைத்து முடித்துத் திருப்பிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அப்படி ஒருமுறை இரண்டு மாலைகள் உட்கார்ந்து பிரித்திருக்கிறேன்.

அதனால்தான், தைத்த மேல் துணி ஒன்று தயாராக இருந்தால், பனி நாளை யோசிக்காமல் குவில்டுக்கே கொடுப்பேன். தயாராக இல்லையா? அன்று பேக்கிங் தாராளமாக ஜெயிக்கட்டும்.

வெளிச்சமும் துணிக்குத்தான் சாதகம். புதுப் பனி தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மேகமூட்டமான நாளிலும் ஜன்னலோரம் பளிச்சென்று இருப்பது அதனால்தான். நிறங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் குளிர்காலப் பகல் குறுகியது. தரை வேலையை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

மின்சாரம் போனால்? மின் ஓவனும் தையல் மெஷினும் ஒன்றாக நின்றுவிடும். கை ஊசி நிற்காது. பழகிய கைகள் அங்குலத்துக்கு 8, 10 ஓட்டுத்தையல் போடும். புதியவர்களுக்கு 5, 6 வந்தாலே போதும், ஒரே அளவாக இருந்தால் அழகுதான். மெஷின் வேகமானது, மறுக்கவில்லை. ஆனால் மூன்று அடுக்கையும் ஒன்றாக நகர்த்தும் தனிப் பாதம் மாட்டாவிட்டால் மேல் துணி முன்னே தள்ளிக்கொண்டு போகும். கையால் தைக்கும்போது போர்வையும் மடியிலேயே கிடந்து சூடு கொடுக்கும்.

சரி, குவில்டோடு கூட வைத்துக்கொள்ள எந்த பேக்கிங்? பிஸ்கட் வேண்டாம். 12 நிமிடத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். போதாததற்கு வெண்ணெய்க் கை. மாவு பட்டால் தட்டிவிடலாம், வெண்ணெய் துணிக்குள் இறங்கிவிடும். என் வெள்ளைச் சதுரம் ஒன்றில் கட்டைவிரல் அடையாளம் இன்னும் லேசாகத் தெரிகிறது.

பிசையாத ரொட்டிதான் சரியான துணை. முந்தின இரவு 9 மணிக்கு 500 கிராம் மாவு, 375 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 1 கிராம் ஈஸ்ட் கலந்து மூடி வையுங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்று உலர்ந்தது. மூடாவிட்டால் மேலே தோல் கட்டிவிடும். வழக்கமாக 12 முதல் 18 மணி நேரம். அடுக்களை குளிர்ந்திருந்தால் 18 மணி நேரமும் பிடிக்கும். பிற்பகல் 3 மணிக்கு உருட்டி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து, 230 டிகிரியில் நன்றாகச் சூடேறிய கனமான பாத்திரத்தில் மூடியோடு அரை மணி, மூடியில்லாமல் கால் மணி. உள்ளே 95 டிகிரி தொட்டால் வெந்துவிட்டது. இத்தனைக்கும் நம் கை வேலை பத்து நிமிடம்கூட இல்லை.

ஐந்து மணி வாக்கில் ரொட்டி வெளியே வந்திருக்கும். ஆற ஒரு மணி நேரமாவது வேண்டும். அதற்குள் கையைக் கழுவித் துடைத்து, ஊக்கு குத்திய குவில்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நடுவிலிருந்து முதல் வரிசையைத் தொடங்கிவிடலாம்.