அறிவியல் சோதனைப் பெட்டி: சாமான் பரவாயில்லை, கையேடு நம்ம ஊருக்குச் சேராது

நாகர்கோவில் ஸ்டேஷனரி கடைகளிலும் மார்த்தாண்டம், தக்கலை பக்கத்து விளையாட்டுச் சாமான் கடைகளிலும் ஒரே அட்டைப்பெட்டியை இரண்டு மூன்று பெயரில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே "100க்கும் மேற்பட்ட சோதனைகள்" என்று கொட்டை எழுத்து. விலை 1,300 ரூபாய் சுற்றி. உள்ளே பிளாஸ்டிக் நுண்ணோக்கி, காந்தங்கள், திசைகாட்டி, ஒயர், எல்.இ.டி., 9 வோல்ட் பேட்டரிக் கிளிப், சோதனைக்குழாய் ஆறு, லிட்மஸ் தாள், அயோடின் குப்பி, காப்பர் சல்பேட் பொட்டலம், சூரியக் கடிகார அட்டை, பிறகு தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு கையேடு.

ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பாடத்தில் வருகிற சோதனைகளில் பாதியையாவது இதை வைத்துச் செய்துவிடலாம். அதனால் சாமானுக்குப் பத்தில் ஆறு கொடுக்கலாம். கையேட்டுக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை. எழுதியவர் வடக்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அந்த ஊர் கணக்கு இங்கே எடுபடாது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சோதனை சரியாக வந்தும், "புக்ல போட்ட மாதிரி வரல்லியே" என்று பிள்ளைகள் பெட்டியை மூடிவிடும் இடங்கள் இதில் நாலைந்து இருக்கின்றன.

சூரியக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. சதுர அட்டை, நடுவில் நிறுத்த ஒரு முக்கோணத் தகடு. தகட்டின் சாய்வைப் பாகைமானி வைத்து அளந்தால் 28, 29 டிகிரி வருகிறது. டெல்லியின் அட்சரேகை அது. அந்தச் சாய்விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால்தான் நிழல் ஒழுங்காக மணி சொல்லும், அதற்குச் சாய்வு அந்தந்த ஊர் அட்சரேகை அளவுக்கு இருக்க வேண்டும். நாகர்கோவிலுக்கு 8 டிகிரி சொச்சம். டெல்லித் தகட்டை இங்கே மொட்டைமாடியில் வைத்தால் உச்சிவேளையில் மட்டும் சரியாக இருக்கும், காலையும் மாலையும் தப்பும்.

தகட்டை 8 டிகிரிக்கு வெட்டிவிட்டால் தீர்ந்ததா என்றால் இல்லை. மணிக்கோடுகளும் அட்சரேகையைப் பொறுத்தே விழும். டெல்லி அட்டையில் 12 மணிக்கோட்டுக்கும் 1 மணிக்கோட்டுக்கும் நடுவே 7 டிகிரிக்கு மேல் இடைவெளி. நம்ம ஊருக்கு வரைந்தால் அது 2 டிகிரி சொச்சமாகச் சுருங்கிவிடும், கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அட்டையை வெட்டாமலே ஒரு வழி உண்டு: தகட்டின் உயர்ந்த பக்கம் வடக்கே இருக்கும்படி வைத்து, அட்டையின் தெற்கு விளிம்பை 20 டிகிரி தூக்குங்கள். 15 செ.மீ. அட்டைக்கு 5 செ.மீ. சொச்சம் உயரம், ஒரு தீப்பெட்டியை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் ஏறக்குறைய வந்துவிடும். இப்போது தகடு பூமியின் அச்சுக்கு இணை, அச்சடித்த கோடுகளும் பொருந்தும்.

அப்படியும் கைக்கடிகாரத்தோடு ஒத்துவராது, பயப்பட வேண்டாம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. நாகர்கோவில் 77.4. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், நமக்குச் சூரியன் 20 நிமிடம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் இன்னொரு வித்தியாசமும் சேரும்: பிப்ரவரி நடுவில் உச்சிவேளை 12.34 வாக்கில், நவம்பர் தொடக்கத்தில் 12.04 வாக்கில். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. போகட்டும், ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1, 2 வாக்கிலும் உச்சிவேளையில் செங்குத்துக் கம்பிக்கு நம்ம மாவட்டத்தில் நிழலே விழாது என்பதையாவது சொல்லியிருக்கலாம். டெல்லியில் எந்த நாளும் பார்க்க முடியாத காட்சி அது.

காந்த ஊசிச் சோதனையிலும் இதே கதைதான். தையல் ஊசியை நடுவில் நூல் கட்டி மட்டமாகத் தொங்கவிட்டு, பிறகு காந்தத்தால் ஒரே திசையில் 30 தடவை தேய்த்துத் திரும்பத் தொங்கவிட்டால் "வடமுனை நன்றாகக் கீழே சாயும்" என்கிறது கையேடு. டெல்லியில் 40 டிகிரிக்கு மேல் சாயும், உண்மை. இங்கே ஊசி கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், அதுதான் சரியான விடை. காந்த ஊசி சாயாமல் மட்டமாக நிற்கிற காந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்திலேயே போகிறது. திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான், முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து போனது. உங்கள் ஊசி பளிச்சென்று ஒரு பக்கம் சாய்ந்தால் கட்டு நடுவில் இல்லை என்று பொருள். காந்தத்தைத் திருப்பிப் பிடித்து எதிர்முனை வடக்காகும்படி தேய்த்துப் பாருங்கள். அப்போதும் அதே முனை இறங்கினால் கனம், மறுமுனை இறங்கினால் காந்தம்.

மிதக்கும் முட்டைக்கு வருவோம். "நல்ல தண்ணீரில் முட்டை மூழ்கும், கடல் நீரில் மிதக்கும்" என்று படமே போட்டிருக்கிறார்கள். கடற்கரையைப் பார்க்காதவர் எழுதியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு குடம் கடல் நீர் எடுத்து அன்றைய முட்டையைப் போடுங்கள், மூழ்கும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு, அடர்த்தி 1.025 பக்கம். புது முட்டையின் அடர்த்தி 1.08க்கு மேல். மிதக்க வேண்டுமானால் 250 மி.லி. தண்ணீருக்கு 35 கிராம் பொடியுப்பு வேண்டும், இரண்டு மேசைக் கரண்டி தலைதட்டி. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கினால் முட்டை தரையை விட்டு எழும்பும் கட்டத்தைக் கண்ணால் பார்க்கலாம். கடல் நீரிலேயே மிதந்தால் முட்டை பழசு: ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் போய் உள்ளே காற்றறை பெருத்திருக்கும். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களில் உப்பு விளைகிற கட்டத்துத் தண்ணீரின் அடர்த்தி 1.2ஐத் தாண்டும், அதில் எந்த முட்டையும் தலையைத் தூக்கிக்கொண்டு மிதக்கும்.

இனி வருவதைத் தவறாமல் படியுங்கள். நீரை மின்னாற்பகுக்கும் சோதனைக்குக் கையேடு சொல்வது: கோப்பையில் தண்ணீர், ஒரு கரண்டி உப்பு, இரண்டு செம்புக் கம்பி, 9 வோல்ட் பேட்டரி. இதைச் செய்யாதீர்கள். உப்பு போட்டுக் கரையாத கரி முனை வைத்தால் நேர்முனையில் ஆக்சிஜனுக்குப் பதில் பெரும்பாலும் குளோரின் வரும், மூடிய அறையில் தொண்டையைப் பிடிக்கும். செம்புக் கம்பியோ நேர்முனையில் தானே கரைந்துவிடும். தண்ணீர் பச்சையாகி, அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு சேறு தேங்கும், அந்தப் பக்கத்துக் குழாயில் வாயு சேராது. பிறகு 2க்கு 1 என்று பாடத்தில் இருக்கிற விகிதத்தை எங்கே பார்ப்பது?

உப்புக்குப் பதில் சலவை சோடா, 200 மி.லி. தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. கம்பிக்குப் பதில் இரண்டு முனையும் சீவிய இரண்டு பென்சில். எவர்சில்வர் கரண்டியை மாட்டாதீர்கள், அதிலிருந்து கரைந்து வரும் குரோமியம் நல்லதல்ல. சோதனைக்குழாய்களில் கரைசலை நிரப்பிக் கவிழ்த்து, பென்சில் முனைகளை உள்ளே விடுங்கள். 100 மில்லி ஆம்பியர் ஓடினால் 10 நிமிடத்தில் எதிர்முனையில் 7, 8 மி.லி. ஹைட்ரஜன் சேரும், நேர்முனையில் அதில் பாதி ஆக்சிஜன். ஆக்சிஜன் கணக்குக்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும், கொஞ்சம் தண்ணீரில் கரைந்தும் கொஞ்சம் பென்சில் கரியோடு சேர்ந்தும் போய்விடுவதால். பேட்டரி சூடானால் பென்சில்கள் ஒன்றையொன்று தொடுகின்றன.

நுண்ணோக்கியில் 100, 400, 1200 மடங்கு என்று மூன்று நிலை. மூன்றாவதை மறந்துவிடுங்கள், அந்தப் பிளாஸ்டிக் லென்சில் 1200 மடங்கு என்பது மங்கலைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான். 100 மடங்கு உருப்படியாக இருக்கிறது, 400 பொறுமை இருந்தால் சரி. கையேடு கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பச் சொல்கிறது. நேர் வெயிலை ஒருபோதும் கண்ணாடியில் விழ விடாதீர்கள், கண் போய்விடும். சன்னலோரத்து வெளிச்சமோ வெள்ளைச் சுவரோ போதும்.

பல்லாரி, அதாவது பெரிய வெங்காயத்தின் தோலைப் பார்ப்பதென்றால் உட்பக்கத்து மெல்லிய சவ்வை மடிப்பில்லாமல் உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, நாலில் ஒரு பங்காக நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட வேண்டும். மேல்கண்ணாடியைச் சாய்த்து மெதுவாக இறக்கவும், பொத்தென்று போட்டால் காற்றுக்குமிழி மாட்டும். கறுத்த விளிம்போடு அச்சு வட்டமாகத் தெரிவதெல்லாம் குமிழி. செல்கள் செங்கல் அடுக்கியதுபோல நீண்டிருக்கும். பல்லாரியைவிட நல்லது நம்ம குளங்களிலேயே கிடக்கிறது: வேலம்பாசி. அதன் இலையில் இரண்டே செல் அடுக்கு, சீவவே வேண்டாம். நுனி இலை ஒன்றைக் கிள்ளி வெதுவெதுப்பான தண்ணீரில் வெளிச்சத்தில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், 400 மடங்கில் பச்சையங்கள் செல்சுவரை ஒட்டி ஊர்வலம் போகும். பெட்டியில் பார்க்கத் தகுந்த காட்சி என்றால் இதுதான், கையேட்டில் இல்லை.

காப்பர் சல்பேட் பொட்டலத்தில் எச்சரிக்கை எதுவும் அச்சடிக்கவில்லை. நம்ம வீடுகளில் துருசு என்று சொல்கிற அதே சாமான், விஷம். சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, கண்ணாடிக் குப்பி எடுங்கள். 100 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் போட்டு இரும்பு ஆணியை இறக்கினால் செம்பு படியும். பெட்டியோடு வரும் ஆணியில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது, அதனால் செம்பு நிறம் வராமல் கறுப்பாகப் படிகிறது. உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டு இறக்குங்கள். ரப்பரும் பாக்கும் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். பூஞ்சை நோய்க்குத் தெளிக்கிற போர்டோ கலவை கலக்கும்போது, 100 லிட்டருக்கு ஒரு கிலோ துருசு, ஒரு கிலோ நீற்றுச் சுண்ணாம்பு, கடைசியில் கத்தி முனையை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் சிவப்பு ஏறினால் செம்பு மிச்சம் இருக்கிறது, இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு ஊற்ற வேண்டும். ஆணிச் சோதனையும் கத்திச் சோதனையும் ஒரே வேதிவினை: இரும்பு கரைந்து தன் இடத்தைச் செம்புக்குக் கொடுக்கிறது.

மாவுச்சத்துக்கு உருளைக்கிழங்கு வாங்க வேண்டியதில்லை, வெட்டிய மரச்சீனியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மை கொட்டியதுபோல் கறுக்கும். மட்டி வாழைக்காயிலும் கறுக்கும், நன்றாகப் பழுத்த மட்டிப்பழத்தில் நிறம் மங்கும், மாவு சர்க்கரையாகிவிட்டதால். சோதித்த துண்டைத் தின்னக் கொடுக்காதீர்கள். லிட்மஸ் தாள் பத்தே துண்டு, கடற்காற்றில் நீலத்தாள் சீக்கிரம் மங்கும். ஐந்து செம்பருத்தி இதழை 50 மி.லி. வெந்நீரில் ஊறவைத்த சாறு அதைவிட நன்றாக வேலை செய்கிறது: எலுமிச்சைக்குச் சிவப்பு, வெற்றிலைச் சுண்ணாம்புக்குப் பச்சை. மஞ்சள்தூள் ஆப்பச்சோடாவுக்கு அழுத்தமாகச் சிவக்கவில்லை என்று குழம்ப வேண்டாம், அது மென்காரம். சுண்ணாம்பைத் தொட்டதும் சிவக்கும்.

பலூனைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதம் பொறுக்கும் சோதனை நம்ம கடலோர ஈரத்தில் பெரும்பாலும் வராது, மின்னூட்டம் ஈரப்படலத்தின் வழியே கசிந்துவிடும். பிப்ரவரி, மார்ச் மத்தியான வெயிலில் காகிதத்தையும் பலூனையும் நன்றாகக் காயவைத்துச் செய்தால் வரும். மழைக்காலத்தில் முயற்சி செய்வது வீண். படிகம் வளர்க்கவும் அதே நாட்கள்தான், ஆனி ஆடியிலும் ஐப்பசியிலும் ஈரக்காற்றில் கரைசல் சீக்கிரம் வற்றாது.

கடையிலேயே பெட்டியைத் திறந்து மூன்றைப் பார்த்து வாங்குங்கள். அயோடின் குப்பி கசிந்திருந்தால் பக்கத்து அட்டை பழுப்பாக இருக்கும். நுண்ணோக்கியின் திருகு இறுக்கினால் நிற்க வேண்டும், தானாக இறங்கினால் லென்ஸ் கண்ணாடியில் இடித்துக் கீறல் விழும். திசைகாட்டி ஊசி இரண்டு தடவை ஆட்டினாலும் ஒரே பக்கம் வந்து நிற்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எந்தப் பெட்டியிலும் இல்லை, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.