மோட்டார் டிலே கார்டு: நல்ல சாமான், ஒரு டையோடு குறைச்சல்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் காயில் கட்டும் கடைகளில் ஆட்டோ ஸ்டார்ட்டருக்கென்று (கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் பெட்டி) கொடுக்கிறார்களே, கம்பெனி பெயர் அச்சிடாத டிலே கார்டு, அதைப் பற்றி. போன கரண்ட் திரும்பியதும் ஒரு லைனில் உள்ள போர் மோட்டார் எல்லாம் ஒரே நொடியில் எடுத்தால், ஒவ்வொன்றும் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும், வோல்டேஜ் படுத்துவிடும். அதைத் தவிர்க்க, கரண்ட் வந்து கொஞ்ச நேரம் கழித்து மோட்டாரை எடுக்கவைப்பதுதான் இந்த டிலே.

உள்ளே 12 வோல்ட் சப்ளை, 1 மெகா ஓம் பிரிசெட் (டிலேயைக் கூட்டிக் குறைக்கத் திருகும் ரெசிஸ்டர்), அதன் வழியாக மெல்ல நிரம்பும் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் எல்எம்358 ஐசி, மோட்டாரை எடுக்கவைக்கும் ஒரு ரிலே. கெபாசிட்டர் 8 வோல்ட்டைத் தொட்டதும் ரிலே அடிக்கும். அந்த 8 வோல்ட்டை ஜீனரில் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் சாமான்) எடுக்காமல், அதே 12 வோல்ட்டை 10கே, 20கே ரெசிஸ்டர் போட்டுப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். இதனால் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் டிலே மாறாது. இதைச் செய்தவருக்கு விஷயம் தெரியும்.

அப்படிப்பட்டவர், கரண்ட் போனதும் கெபாசிட்டரைச் சட்டென்று காலியாக்கும் டையோடை (கரண்டை ஒரே திசையில் விடும் சாமான்) ஏன் விட்டார் என்றுதான் புரியவில்லை. பிரிசெட் 470 கிலோ ஓமில் இருந்தால் டைம் கான்ஸ்டன்ட் (ரெசிஸ்டன்ஸையும் கெபாசிட்டர் அளவையும் பெருக்கியது) 47 நொடி, முதல் டிலே சுமார் 52 நொடி. ஓடிக்கொண்டிருக்கும்போது 10 நொடி கரண்ட் போய் வந்தால்? கெபாசிட்டர் அதே 470 கிலோ ஓம் வழியாகத்தான் மெல்ல வடியும்; 12 வோல்ட் 9.7க்குத்தான் இறங்கியிருக்கும். 8க்கு மேல் இருப்பதால் டிலேயே இல்லாமல் மோட்டார் எடுத்துவிடும். 30 நொடி போய் வந்தாலும் டிலே 16 நொடிதான். நம் ஊரில் கரண்ட் விட்டு விட்டு வரும் நேரத்தில்தான் டிலே வேண்டும், அப்போதுதான் இது கைவிடுகிறது.

சரிசெய்வது சுலபம். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஒரு 1என்4148 டையோடின் கோடு போட்ட முனையை 12 வோல்ட் லைனிலும், மறுமுனையைக் கெபாசிட்டரின் பிளஸ்ஸிலும் பற்றவையுங்கள். 12 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. சப்ளை கெபாசிட்டர் 1000 மைக்ரோவாக இருந்தால் ஐந்தாறு நொடியில் எல்லாம் காலியாகிவிடும்.

பிரிசெட் டயலில் 110 நொடி வரை போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 1 மெகா ஓமில், 8 வோல்ட்டை நெருங்கும்போது உள்ளே வரும் கரண்ட் வெறும் 4 மைக்ரோ ஆம்பியர். இந்தச் சாதா எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் லீக்கேஜே (உள்ளுக்குள் கசியும் கரண்ட்) அதைத் தின்றுவிடலாம். அப்புறம் ரிலே அடிக்கவே அடிக்காது. ஆற்றுத் தண்ணீர் வரும் மாதங்களில் பேனல் சும்மா கிடந்தால் லீக்கேஜ் இன்னும் கூடும். வேதாரண்யம், நாகை பக்கம் உப்புக் காற்றில் போர்டே ஈரம் பிடித்துக் கசியும்; காயிலுக்கு அடிக்கும் வார்னிஷை ஒரு கை பூசலாம், பிரிசெட்டுக்குள் மட்டும் இறங்கக் கூடாது.

செக் பண்ணும்போது ஒன்று: மலிவான மஞ்சள் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 1 மெகா ஓம்தான். டயலை முழுக்க வைத்து அதைக் கெபாசிட்டரில் பிடித்தால் 6 வோல்ட்டிலேயே நின்றுவிடும். கார்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள், 10 மெகா ஓம் மீட்டரில் பாருங்கள்.

ஒரு நிமிடத்துக்குள் டிலே போதுமென்றால் டையோடு போட்டு வாங்கி மாட்டலாம். அதற்கு மேல் வேண்டுமானால் சிடி4060 என்ற கவுண்டர் ஐசி வைத்துத் துடிப்புகளை எண்ணும் கார்டாகக் கேளுங்கள். அதில் 0.1 மைக்ரோ பாலியெஸ்டர் கெபாசிட்டரே போதும், லீக்கேஜ் தொல்லை கிடையாது.